கரையில் ஓடுகிறது, தண்ணீரில் நிற்கிறது: க்ளோ இன்ஜின் படகில் எரிபொருள் கோளாறு தேடும் வழி

க்ளோ இன்ஜின் என்பது மெத்தனால் கலந்த எரிபொருளில், பிளக்கில் உள்ள சுருளின் சூட்டால் பற்றி ஓடும் சின்ன இன்ஜின். மாடல் படகில் அது நின்றுவிட்டால் முக்கால்வாசிப் பேரின் கை நேராக, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் ஊசிக்குத்தான் போகும். அரைச் சுற்று திறப்பார்கள், ஓடாது. கால் சுற்று மூடுவார்கள், கொஞ்சம் ஓடும். சிறிது நேரத்தில் ஊசி முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துபோய், பழைய கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துவிடும். சேலத்தில் என் படகுகளுக்கு ஃப்ளைவீல் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரர் இந்த வகை இன்ஜினை ஓட்டியதே இல்லை. ஆனாலும் அவர் சொல்வதுதான் சரி: "ஊசிய உடுங்க தம்பி, காத்து எங்க பூருதுன்னு மொதல்ல பாருங்க." போன வாரம் நன்றாக ஓடிய இன்ஜினில் ஊசி தானாகக் கெட்டுப்போவதில்லை. டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள வழியில் எங்கோ காற்று புகுகிறது, அல்லது வழி அடைத்திருக்கிறது. அதைத் தேடி முடித்த பிறகுதான் ஊசி.

நின்றது எப்படி நின்றது?

கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். சத்தம் கிறீச்சென்று மேலே ஏறி, பட்டென்று அறுந்தால் லீன்: காற்று அதிகம், எரிபொருள் போதவில்லை. நிற்பதற்குச் சற்று முன்பே புகை மெலிந்திருக்கும். சத்தம் கொரகொரவென்று இறங்கி, புகை அடர்ந்து, நின்ற பிறகு புகை போகும் பைப்பிலிருந்து எண்ணெய் சொட்டினால் ரிச்: எரிபொருள் அளவுக்கு மேல் போகிறது. சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, சட்டென்று அணைந்தது என்றால் எரிபொருளை விட்டுவிட்டு ப்ரொப்பெல்லரைப் பாருங்கள். நம் ஊர் ஏரிகளில் ஆகாயத்தாமரை வேரும் நைலான் வலைத் துண்டும் தண்டில் சுற்றிக்கொள்வது சாதாரணம்.

க்ளோ பிளக்கையும் இப்போதே பார்த்துவிடலாம். கழற்றி, ஒன்றரை வோல்ட் இணைப்புக் கொடுத்தால் உள்ளே உள்ள சுருள் முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். பாதி மட்டும் ஒளிர்ந்தாலோ, சுருள் நசுங்கியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். கெட்ட பிளக் எரிபொருள் கோளாறு மாதிரியே நடிக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். படகு இன்ஜினின் கார்புரேட்டர் வாய் அகலமானது. அதனால் அது எரிபொருளை உறிஞ்சும் பலம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சைலன்சரிலோ ட்யூன்ட் பைப்பிலோ (வேகத்துக்காக வடிவமைத்த புகைக் குழாய்) ஒரு சின்ன நிப்பிள் வைத்து, அங்கிருந்து ஒரு குழாய் டேங்க்குக்குப் போகிறது. புகையின் அழுத்தம் டேங்க்குக்குள் நுழைந்து எரிபொருளைத் தள்ளுகிறது. ஆக, பார்க்க வேண்டிய குழாய்கள் இரண்டு. பலரும் எரிபொருள் குழாயை மட்டும் பார்த்துவிட்டு அழுத்தக் குழாயை மறந்துவிடுகிறார்கள்.

நாலு சொட்டு விட்டால் ஓடுகிறது, தீர்ந்ததும் நிற்கிறது

கார்புரேட்டர் வாயில் விட்ட சொட்டுகள் எரிந்தன, டேங்க்கிலிருந்து எதுவும் வரவில்லை என்று அர்த்தம். பிளக், கம்ப்ரஷன் எல்லாம் நலம். வழிதான் அடைப்பு.

எரிபொருள் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். அழுத்தக் குழாயைப் பைப்பின் நிப்பிளிலிருந்து கழற்றி, அதில் ஒரு காலி சிரிஞ்சைச் செருகி மெதுவாகக் காற்றைத் தள்ளுங்கள். வாயால் ஊதவோ உறிஞ்சவோ கூடாது. உள்ளே இருப்பது மெத்தனால், விஷம். எரிபொருள் தடையில்லாமல் சீராக ஒழுகினால் டேங்க் பக்கம் சுத்தம், கோளாறு கார்புரேட்டரில். ஒழுகவில்லை, அல்லது விட்டுவிட்டுத் துப்புகிறது என்றால் டேங்க், ஃபில்ட்டர், குழாய் இவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனையே தேடும் இடத்தைப் பாதியாக்கிவிடும்.

கார்புரேட்டர் பக்கம் என்றால், ஊசியை முதலில் முழுவதும் மூடி எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள். பிறகு முழுவதுமாகக் கழற்றி எடுத்து, எரிபொருள் நுழையும் நிப்பிள் வழியாகச் சிரிஞ்சால் புதிய எரிபொருளைப் பீச்சுங்கள். உள்ளே சிக்கிய தூசு வெளியே வரும். கம்பியை விட்டுக் குடைய வேண்டாம். பித்தளைத் துளை கீறினால் ஊசி ஒருபோதும் சரியாக உட்காராது. மாறாக, பைப்பின் அழுத்த நிப்பிளில் கம்பி விடலாம், விடவும் வேண்டும். அங்கே எண்ணெய் கருகிக் கரியாக இறுகியிருக்கும். சைக்கிள் பிரேக் கேபிளின் ஓர் இழை அதற்குப் போதும்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜின் என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், எண்ணெய்ப் பிசின்தான். மெத்தனால் ஆவியாகிவிடும், கலந்திருந்த விளக்கெண்ணெய் பசையாகத் தங்கிவிடும். ஏத்தாப்பூரில் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மாவட்டம் இது, நமக்கு விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அதற்காக மளிகைக் கடை விளக்கெண்ணெயை வாங்கி எரிபொருளில் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பிசின் நீக்கிய ரகம் வேறு, விளக்குக்கு விற்கிற ரகம் வேறு.

டேங்க் நிறைய இருக்கும்போது நன்றாக ஓடுகிறது, பாதியானதும் லீன் ஆகி நிற்கிறது

எல்லோரையும் அலைக்கழிப்பது இதுதான், கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டேங்க் குறையக் குறைய எரிபொருளின் மட்டம் கீழே போகும், கலவை கொஞ்சம் லீன் பக்கம் நகரும். இது இயல்பு. அதனால்தான் நிறைந்த டேங்க்கில் ஊசியைச் சிறிது ரிச்சாகவே விட வேண்டும். ஆனால் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், ஒவ்வொரு முறையும், திடீரென்று நிற்கிறது என்றால் அது இயல்பு அல்ல. டேங்க்குக்கு உள்ளே உள்ள குழாயில் ஓட்டை இருக்கிறது. மட்டம் அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை ஓட்டை வழியாகவும் எரிபொருள்தான் போகும், ஒன்றும் தெரியாது. மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கிய நொடியில் காற்று புகும்.

டேங்க்கின் ரப்பர் மூடியைக் கழற்றி உள்ளேயுள்ளதை வெளியே இழுங்கள். மூடியிலிருந்து ஒரு பித்தளைக் குழாய், அதன் நுனியில் மாட்டிய சிலிக்கான் குழாய், அதன் முனையில் எரிபொருள் நுழையும் ஒரு எடைக்குண்டு. சிலிக்கான் குழாய் பித்தளையை விட்டு முடியும் இடத்தை விரலில் வளைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். நேராக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், வளைத்ததும் உதடு மாதிரி திறக்கும். காரணம் பித்தளைக் குழாயின் வெட்டு விளிம்பு. ரம்பத்தாலோ கட்டராலோ அறுத்தபின் விளிம்பை அரத்தால் தேய்க்காமல் விட்டிருப்பார்கள். படகு அலையில் குதிக்கும் ஒவ்வொரு முறையும் எடைக்குண்டு குழாயை ஆட்டும், அந்தக் கூர் விளிம்பு சிலிக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். குழாயை மாற்றும்போது விளிம்பையும் உள்ளும் புறமும் மழமழவென்று தேய்த்துவிடுங்கள். குழாயை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் மறுபடி அறுக்கும்.

குழாய் நன்றாக இருந்தால் மூடியைச் சந்தேகப்படுங்கள். டேங்க்கை மறுபடி பூட்டி, எரிபொருள் குழாயின் வாயை அடைத்து, பக்கெட் தண்ணீரில் முக்கி, அழுத்தக் குழாய் வழியாகச் சிரிஞ்சால் காற்றைத் தள்ளுங்கள். மூடியைச் சுற்றியோ, டேங்க்கின் ஒட்டுக் கோட்டிலோ குமிழி வந்தால் அழுத்தம் அங்கேதான் கசிகிறது. நிறைந்த டேங்க்கில் அழுத்தம் குறைந்தாலும் ஓடும், பாதியில் சமாளிக்காது. மூடியின் நடு ஸ்க்ரூவை இறுக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ரப்பர் கல்லாகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

குழாய் மாற்றும்போது மருந்துக் கடையில் கிடைக்கும் ட்ரிப் செட் குழாய் கைக்கு வாகாகத் தெரியும். வேண்டாம். மெத்தனால் பட்டால் சில நாட்களில் விறைத்துப்போய் நிப்பிளில் பிடிப்பு விட்டுவிடும். சிலிக்கான் குழாயே சரி. ஆனால் அதே சிலிக்கானைப் பெட்ரோல் இன்ஜினுக்குப் போட்டால் ஊறி உப்பிவிடும். அது வேறு கதை.

எரிபொருள் குழாயில் குமிழி ஓடுகிறது

குமிழி ஒன்றன்பின் ஒன்றாக மணி கோத்தது போல வந்தால் கசிவு. அந்தக் குமிழிகள் எங்கே தொடங்குகின்றன என்று டேங்க் பக்கமாகத் தேடிக்கொண்டே போங்கள். ஃபில்ட்டருக்கு முன்பு குமிழி இல்லை, பின்பு இருக்கிறது என்றால் ஃபில்ட்டரின் மரைதான் குற்றவாளி. பொடிப்பொடியாக நுரைத்து, குழாயே வெள்ளையாகத் தெரிந்தால் கசிவு அல்ல, அதிர்வு. டேங்க் படகின் உடலோடு நேரடியாக உரசுகிறது, எரிபொருள் நுரைக்கிறது. டேங்க்கைச் சுற்றி மெத்தை நுரைத் துண்டு வைத்து, இறுக்கிக் கட்டாமல் தளர்வாக உட்கார வையுங்கள். அதோடு ப்ரொப்பெல்லர் ஒருபக்கம் தேய்ந்து சமன் கெட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதிர்வின் மூலம் பெரும்பாலும் அங்கேதான்.

வளைவில் மட்டும் நிற்கிறது

படகு வலப்பக்கம் திரும்பினால் டேங்க்கில் உள்ளது இடப்பக்கம் ஒதுங்கும். வேகம் கூடும்போது பின்பக்கமும் ஒதுங்கும். எடைக்குண்டும் கூடவே அங்கே போக வேண்டும். சிலிக்கான் குழாய் நீளமாகிப் பின்சுவரில் முட்டினாலும், பழசாகி விறைத்தாலும் குண்டு நகராது. டேங்க்கைக் கையில் எடுத்து நாலு பக்கமும் சாய்த்தால் குண்டு தடதடவென்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். குண்டு பின்சுவரைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நிற்பதுதான் அளவு. அப்படியும் இன்ஜின் நின்றால், பிரதான டேங்க்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே எப்போதும் நிறைந்தே இருக்கும் ஒரு குட்டி டேங்க்கை வைப்பது பந்தயப் படகுக்காரர்களின் வழி. வார இறுதியில் மட்டும் ஓட்டுபவருக்கு அவ்வளவு தேவைப்படாது.

படகைக் கீழே வைத்தால் கார்புரேட்டரில் எரிபொருள் ததும்புகிறது

டேங்க் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. டேங்க்கின் நடுமட்டம் ஊசி இருக்கும் மட்டத்தை ஒட்டியோ சற்றுத் தாழ்வாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் இன்ஜின் நின்றிருக்கும்போதும் எரிபொருள் தானாக இறங்கும். நிரப்பும் முறையும் காரணமாக இருக்கலாம். எரிபொருள் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி அதன் வழியாக நிரப்புங்கள். அழுத்தக் குழாயையும் கழற்றி விட்டால் நிறைந்ததும் அதில் வழியும், போதும் என்று தெரிந்துவிடும்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. சிலிண்டருக்குள் திரவம் தேங்கிவிட்டால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது. ஃப்ளைவீலைக் கையால் சுற்றும்போது ஓரிடத்தில் சுவரில் மோதியது போல நின்றால் அதுதான். அந்த நிலையில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்து அமுக்கினால் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, படகைக் கவிழ்த்து, கையால் சுற்றித் திரவத்தை வெளியேற்றுங்கள். பிளக் கிளிப்பில் பேட்டரி இணைப்பு இருக்கக் கூடாது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, சூடு பட்டபிறகுதான் தெரியும்.

ஐடில் ஓடுகிறது, த்ராட்டில் திறந்தால் நிற்கிறது

இப்போது ஊசிகளுக்கு வரலாம். பெரிய ஊசி முழு வேகத்துக்கு, சின்ன ஸ்க்ரூ ஐடிலுக்கு, அதாவது த்ராட்டில் மூடியிருக்க மெதுவாக ஓடுவதற்கு. முழு வேகத்தைச் சரி செய்த பிறகுதான் ஐடிலைத் தொட வேண்டும்.

ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டருக்கு அருகே குழாயை விரலால் நசுக்குங்கள். உடனே அணைந்தால் லீன், சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறக்கவும். இரண்டு மூன்று விநாடி கழித்து லேசாக வேகம் ஏறி அணைந்தால் சரி. வெகுநேரம் ஓடி, நன்றாக வேகம் ஏறி, பிறகு அணைந்தால் ரிச், மூடவும். எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

முழு வேகச் சோதனையைக் கரையில் செய்யக் கூடாது. காற்றில் ப்ரொப்பெல்லருக்குச் சுமையே இல்லை, இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றும். தலையைக் குளிர்விக்கும் தண்ணீரும் படகு ஓடினால்தான் உள்ளே ஏறும். கரையில் நன்றாகப் பாடும்படி ஊசியை வைத்தால் தண்ணீரில் சுமை ஏறியதும் லீன் ஆகி நிற்கும். கரையில் சற்றுக் கரகரப்பாக, ரிச்சாக இருக்கும்படி விட்டு, தண்ணீரில் ஒரு சுற்று ஓட்டி, திரும்பி வந்ததும் ஊசியை ஒரு கிளிக் (திருப்பும்போது கேட்கும் ஒரு படி) மூடி, மறுபடி அனுப்பி, இப்படித்தான் அளவுக்கு வர வேண்டும்.

எப்படி வைத்தாலும் ஊசி நிலைக்கவில்லை

காலையில் ஒரு இடம், மதியம் ஒரு இடம் என்று அலைந்தால் கார்புரேட்டர் இன்ஜினில் உட்காரும் கழுத்தடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஊசியின் ஓ-ரிங், பின்மூடியின் கேஸ்கெட் இந்த மூன்றில் ஒன்றில் காற்று புகுகிறது. ஐடிலில் ஓடும்போது கழுத்தடியில் ஒரு சொட்டு இன்ஜின் எண்ணெய் வையுங்கள். சத்தம் மாறினால் அதுதான் இடம். ஓ-ரிங் சில ரூபாய்ப் பொருள், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

சேலத்தில் ஓடியது, ஏற்காட்டில் முக்குகிறது

இங்கே எந்தப் பாகமும் கெடவில்லை. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதால் கொஞ்சம் ஈடாகும், முழுவதும் ஆகாது. காற்று குறைந்தது, ஊசி விடும் எரிபொருள் அந்த அளவுக்குக் குறையவில்லை, கலவை ரிச். புகை அடர்த்தி, மந்தம், வளைவு முடிந்து வேகம் பிடிக்கத் தாமதம். பெரிய ஊசியை ஒவ்வொரு கிளிக்காக மூடிக்கொண்டே வந்தால் சரியாகிவிடும். எப்படி மூடினாலும் சேலத்து வேகம் முழுதாக வராது. அதைத் தேடி மேலும் மூடினால் லீன்தான் மிஞ்சும்.

இறங்கிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் முக்கியம். மலையில் மூடிய ஊசியோடு சேலத்து வெயிலில் ஓட்டினால் லீன் ஆகி, சூடேறி, பிஸ்டனும் ஸ்லீவும் (சிலிண்டரின் உள்சுவர்) கீறும். சேலத்து அளவையும் மலை அளவையும் டேங்க் மேலேயே மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள்.

மலை ஏறும்போது இன்னொரு வினோதமும் நடக்கும். ஒழுகக் கூடாது என்று அழுத்தக் குழாயை அடைத்துவிட்டு, பாதி நிறைந்த டேங்க்கோடு காரில் ஏற்றினால், 20 கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் டேங்க்கிலுள்ள காற்று விரிந்து எரிபொருளைக் கார்புரேட்டருக்குள் தள்ளிவிடும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஃப்ளைவீல் சுற்றாது. டேங்க்கைக் காலியாகவே கொண்டுபோங்கள்.

ஓட்டும் இடம் பற்றி ஒரு வார்த்தை. சுற்றுலாப் படகுகள் ஓடும் ஏற்காடு ஏரியும், பறவைகள் அடையும் சேலத்து மூக்கனேரியும் இந்தச் சத்தத்துக்கான இடங்கள் அல்ல. மேலே தெரிந்தவர் எஸ்டேட் குளம், கீழே அனுமதி கேட்ட பண்ணைக் குட்டை, இவை போதும்.

படகு கவிழ்ந்தது, அதன்பிறகு சரியாக ஓடவில்லை

கவிழ்ந்த படகின் பைப் வழியாகத் தண்ணீர் ஏறி, அழுத்தக் குழாய் வழியே டேங்க்குக்கே போயிருக்கும். பெட்ரோலில் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். மெத்தனாலில் கரைந்துவிடும், பிரித்தெடுக்க முடியாது. விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் என்றால் கலங்கலாகத் தெரியும், மற்ற எண்ணெயில் அதுவும் தெரியாமல் போகலாம். சந்தேகப்படாமல் மொத்தத்தையும் வெளியேற்றுங்கள். கவிழாமலே தண்ணீர் சேர்வதும் உண்டு. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், மூடுபனி இறங்கும் மலையில் கேனைத் திறந்து வைப்பது நல்லதல்ல.

வெளியேற்றியதைக் குளத்திலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது, தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் கேட்பார்கள், அதனால் தனி மெத்தனால் வாங்கிக் கலக்கும் யோசனையே வேண்டாம். தயாராகக் கலந்து விற்கும் மாடல் எரிபொருளைப் பெயர் ஒட்டிய அதன் சொந்தக் கேனிலேயே, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

டேங்க்கையும் குழாய்களையும் புதிய எரிபொருளால் அலசி, பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரில் தேங்கிய தண்ணீரை வெளியே சுற்றித் தள்ளி, முடிந்தால் அங்கேயே இன்ஜினை ஒரு நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். அந்தச் சூட்டில் ஈரம் போகும். வீட்டுக்கு வந்ததும் எரிபொருள் குழாயைக் கழற்றி, மிச்சம் உள்ளது தீர்ந்து நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் வாயிலும் பிளக் துளையிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு ஃப்ளைவீலை நன்றாகச் சுற்றி வையுங்கள். இதை அன்றைக்கே செய்ய வேண்டும். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் பேரிங்கில் துரு பிடித்துவிடும்.